எம்ஏஎஸ்-ஐக் கடைசியில் தொடுங்கள்: எக்ஸ்ரே எக்ஸ்போஷரை இயற்பியலின் வழியே அமைப்பது எப்படி

ஃபிலிம் காலத்தில் எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குப் போடும் எக்ஸ்ரே கதிரின் அளவு, கூடினால் படம் கறுத்துப்போகும், குறைந்தால் வெளுத்துப்போகும். டார்க் ரூமிலிருந்து வெளியே வந்ததுமே தவறு கையில் தெரிந்துவிடும். கதிரை வாங்கிப் படமாக்கும் டிஜிட்டல் டிடெக்டரில் அப்படி இல்லை. தேவையைப் போல நான்கு மடங்கு போட்டாலும் மென்பொருள் சாம்பல் அளவுகளைச் சீராக்கி, பார்க்க நன்றாக இருக்கும் ஒரு படத்தைத் திரையில் காட்டிவிடும். நான்கில் ஒரு பங்கு போட்டாலும் ஏதோ ஒரு படம் வரும். ஆனால் கூடுதலாகப் போன கதிர் நோயாளியின் உடலில் டோஸாகச் சேர்ந்திருக்கும். குறைவாகப் போனது நுரையீரலின் மெல்லிய நிழல்களை இரைச்சலில், அதாவது மணல் போன்ற பொரிவில், மூழ்கடித்திருக்கும்.

அதனால் அமைப்புகளை எந்த வரிசையில் முடிவு செய்கிறோம் என்பது முக்கியம். முதலில் தூரமும் வடிவியலும், அடுத்து கேவி (டியூபின் மின்னழுத்தம், கிலோவோல்ட்டில்), பிறகு சிதறலைக் கட்டுப்படுத்துதல், கடைசியில்தான் எம்ஏஎஸ் (எம்ஏ என்னும் மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை நொடியால் பெருக்கியது). படம் சரியில்லை என்றதும் கை நேராக எம்ஏஎஸ் பொத்தானுக்குப் போவதே பெரும்பாலான வீண் டோஸுக்குக் காரணம். எம்ஏஎஸ் ஃபோட்டான்களின் எண்ணிக்கையை மட்டும்தான் மாற்றும். சிதறலால் மங்கிய படத்தையோ, ஊடுருவல் போதாத படத்தையோ, அசைவால் கலங்கிய படத்தையோ அதனால் சரிசெய்ய முடியாது.

டியூபுக்குள் நடப்பது

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வுர்ட்ஸ்பர்க்கில் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரான்ட்ஜன் கண்ட அதே நிகழ்வுதான் இன்றைய டியூபிலும் நடக்கிறது: வேகமாக வரும் எலக்ட்ரான்கள் ஒரு பொருளில் மோதித் திடீரென்று வேகம் இழக்கின்றன. சூடேறிய டங்ஸ்டன் ஃபிலமென்டிலிருந்து வெளிவரும் எலக்ட்ரான்களை உயர் மின்னழுத்தம் நேர்மின்முனையான ஆனோடை நோக்கி இழுக்கிறது. டங்ஸ்டன் அணுக்கருவின் அருகே அவை வளைந்து வேகம் குறையும்போது இழக்கும் ஆற்றலே எக்ஸ்ரே ஃபோட்டானாக வெளிப்படுகிறது. மோதும் ஆற்றலில் ஏறக்குறைய 1 சதவீதம்தான் எக்ஸ்ரேயாகிறது, மீதி 99 சதவீதமும் வெப்பம். ஆனோடு நிமிடத்துக்கு 3,000 முதல் 10,000 சுற்று வரை சுழல்வது இந்த வெப்பத்தைத் தாங்கத்தான். டங்ஸ்டனின் உருகுநிலை சுமார் 3,420 டிகிரி செல்சியஸ்; அப்படியிருந்தும் ஆனோடு நின்றபடி முழு லோடு வாங்கினால் எலக்ட்ரான்கள் மோதும் குவியப்புள்ளி இருக்கும் இடம் உருகிக் குழி விழும். ஆனோடு வேகம் பிடிக்கப் பொத்தானை முதல் நிலையில் அழுத்தி ஒரு நொடி காத்திருப்பதை அவசரத்தில்கூட விடக்கூடாது.

80 கேவி வைத்தால் எல்லா ஃபோட்டானும் 80 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் வருவதில்லை, அது உச்சவரம்பு மட்டுமே. சராசரி ஆற்றல் உச்சத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடையில் இருக்கும். கேவி சுமார் 70-ஐத் தாண்டியதும் டங்ஸ்டனுக்கே உரிய ஆற்றல் கொண்ட தனிச்சிறப்புக் கதிர்கள் 58, 59, 67 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுகளில் கூடுதலாக எழும்.

20 செ.மீ. நீரை ஒரு வயிறு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் கேவியின் வேலை புரியும். 10,000 ஃபோட்டான்கள் உள்ளே போனால், 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உள்ளவற்றில் சிதறாமல் மறுபுறம் வருபவை சுமார் 5. 60-இல் சுமார் 160. 100-இல் சுமார் 330. தாழ்ந்த ஆற்றல் ஃபோட்டான்கள் நோயாளியின் தோலிலேயே தங்கிவிடுகின்றன, படத்துக்கு எதுவும் தருவதில்லை. டியூபின் வாயில் மொத்தமாகக் குறைந்தது 2.5 மி.மீ. அலுமினியத்துக்குச் சமமான வடிகட்டி இருப்பது இந்த வீண் கதிரைத் தடுக்கத்தான். கதிர் படும் பரப்பைக் குறுக்கும் கோலிமேட்டரில் தாமிர வடிகட்டியைச் சேர்க்கும் வசதி இருந்தால் குழந்தைகளுக்கு அதைப் பயன்படுத்துங்கள்.

முதல் முடிவு: தூரம், குவியப்புள்ளி, படுக்கும் நிலை

குவியப்புள்ளி உண்மையில் புள்ளி அல்ல, பெரும்பாலான டியூபுகளில் 0.6 அல்லது 1.2 மி.மீ. அகலமுள்ள பரப்பு. அதனால் ஒவ்வொரு விளிம்பைச் சுற்றியும் ஒரு மங்கல் விழும். மங்கலின் அகலத்தைக் கணக்கிட, குவியப்புள்ளியின் அளவை உறுப்புக்கும் டிடெக்டருக்கும் உள்ள தூரத்தால் பெருக்கி, டியூபுக்கும் உறுப்புக்கும் உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். டிடெக்டர் 100 செ.மீ. தொலைவில் இருக்க, உறுப்பு டிடெக்டரிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருந்தால், 1.2 மி.மீ. குவியப்புள்ளிக்கு மங்கல் 0.21 மி.மீ. அதே குவியப்புள்ளியை வைத்து 180 செ.மீ. தொலைவுக்குப் போனால் 0.11 மி.மீ. ஆகிவிடும். உருப்பெருக்கமும் 1.18-இலிருந்து 1.09-க்கு இறங்கும். மார்பு எக்ஸ்ரேயை 180 செ.மீ.-இல், நெஞ்சு டிடெக்டரோடு ஒட்டியிருக்க எடுப்பது இதனால்தான்: முன்புறம் இருக்கும் இதயம் உண்மையான அளவுக்கு அருகில் விழும். படுக்கையில் மல்லாந்த நிலையில், குறைந்த தூரத்தில் எடுத்த படத்தை வைத்து இதய வீக்கம் என்று முடிவுகட்டுவது ஆபத்து. எந்த நிலையில் எடுத்தது என்பதைப் படத்திலேயே குறித்துவிடுங்கள்.

கை, மணிக்கட்டு, பாதம் ஆகியவற்றுக்குச் சிறிய குவியப்புள்ளி. இடுப்பு முதுகெலும்பின் பக்கவாட்டுப் படத்துக்குப் பெரியதுதான் சரி. சிறியதை வைத்தால் வெப்ப வரம்பால் எம்ஏ-வை உயர்த்த முடியாது, நேரம் நீளும், மூச்சசைவு அந்தக் கூர்மையைத் தின்றுவிடும்.

தூரத்தை மாற்றினால் எம்ஏஎஸ்-ஐயும் மாற்றியாக வேண்டும். எதிர்த்தகவு இருமடி விதிப்படி 100-இலிருந்து 180 செ.மீ.-க்குப் போனால் 3.24 மடங்கு வேண்டும். படுக்கைக்கே கொண்டுபோகும் மொபைல் இயந்திரத்தில் 100 செ.மீ. என்று கண்ணால் மதிப்பிட்டு உண்மையில் 120-இல் நிற்பது சகஜம். அந்த 20 செ.மீ. மட்டுமே டிடெக்டருக்குப் போகும் கதிரை 30 சதவீதம் குறைத்துவிடும். கோலிமேட்டரில் இருக்கும் அளவு நாடாவை இழுத்து அளப்பதற்குச் சில நொடிகள் போதும்.

ஹீல் விளைவையும் இங்கேயே கவனியுங்கள். ஆனோடின் சரிந்த முகமே தன் பக்கக் கதிரின் ஒரு பகுதியை விழுங்கிவிடுவதால், எலக்ட்ரான்கள் புறப்படும் கேதோடு பக்கம் செறிவு அதிகம். தடித்த பகுதியைக் கேதோடு பக்கம் வையுங்கள். தொடை எலும்புக்கு இடுப்பு முனை அந்தப் பக்கம் வர வேண்டும். டியூப் உறையில் கூட்டல், கழித்தல் குறிகள் இருக்கும்; கழித்தல் குறி உள்ளது கேதோடு.

இரண்டாவது: கேவி

கேவி இரண்டு வேலைகளைச் செய்கிறது: கதிர் உறுப்பை ஊடுருவுமா என்பதையும், எலும்புக்கும் தசைக்கும் எவ்வளவு வேறுபாடு தெரியும் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. உடலுக்குள் ஃபோட்டான் தன் ஆற்றல் முழுவதையும் இழந்து மறைவது ஒளிமின் விளைவு. அது அணு எண்ணின் மும்மடிக்கு ஏற்பக் கூடும், ஆற்றலின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். மென்திசுவின் பயனுறு அணு எண் சுமார் 7.5, எலும்புக்குச் சுமார் 13. ஆகவே ஒரே எடைக்கு எலும்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகம் விழுங்கும். அதன் அடர்த்தியும் அதிகம் என்பதால் வேறுபாடு இன்னும் கூடும். ஃபோட்டான் ஆற்றலின் ஒரு பகுதியை இழந்து திசைமாறிப் போவது காம்ப்டன் சிதறல். அது அணு எண்ணைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை, எலக்ட்ரான் அடர்த்தியைத்தான் பார்க்கும். மென்திசுவில் 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் காம்ப்டன் முந்திவிடும்.

இந்த இயற்பியலிலிருந்துதான் அன்றாட அமைப்புகள் வருகின்றன. கைக்கு 50 முதல் 55 கேவி. முழங்காலுக்கு 60 முதல் 65. வயிற்றுக்கு 75 முதல் 80. சிறுநீரகக் கல்லைத் தேடும்போது 80-ஐத் தாண்டாதீர்கள், சின்னக் கல் பின்னணியில் கரைந்துவிடும். இடுப்பு முதுகெலும்பின் பக்கவாட்டுக்கு 85 முதல் 95. மார்புக்கு, கிரிட்டோடு (சிதறிய கதிரைத் தடுக்கும் ஈயப் பட்டைத் தகடு) 110 முதல் 125. மார்புக்கு மட்டும் இவ்வளவு உயர்வாக வைப்பது ஏன்? காற்று நிறைந்த நுரையீரலும், இதயமும் முதுகெலும்பும் சேர்ந்த நடுப்பகுதியும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். உயர்ந்த கேவியில் விலா எலும்புகளின் வெண்மை தணியும், அவற்றின் பின்னால் இருக்கும் நுரையீரல் தெரியும், இதயத்துக்குப் பின்னும் கதிர் போய்ச் சேரும். விலா எலும்பு முறிவைத் தேடுகிறோம் என்றால் தேவை நேர்மாறு. 65 முதல் 75-க்கு இறங்குங்கள். கேள்வி என்ன என்று மருத்துவரின் சீட்டில் பார்க்காமல் கேவி வைக்க முடியாது.

அயோடின் மருந்து கொடுத்த படங்களுக்குத் தனிக் கணக்கு. அயோடினின் கே-விளிம்பு, அதாவது அது கதிரை விழுங்குவது திடீரென உயரும் ஆற்றல், 33.2 கிலோ எலக்ட்ரான் வோல்ட். சராசரி ஆற்றல் அதற்குச் சற்று மேலே அமைந்தால் மருந்து மிகத் தெளிவாக நிற்கும். 65 முதல் 75 கேவி அதைத் தரும்.

மூன்றாவது: சிதறல்

டிஜிட்டல் படத்தைக் கெடுப்பதில் முதலிடம் சிதறலுக்குத்தான் என்பது எங்கள் உறுதியான கருத்து, அதைப் பற்றிப் பேசுவது குறைவு என்றாலும். பருமனான வயிற்றில் கிரிட் இல்லாமல் எடுத்தால் டிடெக்டருக்கு வரும் கதிரில் பெரும்பகுதி சிதறிய கதிரே. நேர்க்கதிரைப் போல மூன்று மடங்கு சிதறல் வந்தால் படத்தின் கான்ட்ராஸ்ட் (கறுப்பு வெள்ளை வேறுபாடு) நான்கில் ஒன்றாகச் சுருங்கும். மென்பொருள் கான்ட்ராஸ்ட்டை நீட்டிக் காட்டும். ஆனால் சிதறல் கொண்டுவந்த இரைச்சலும் அதோடு சேர்ந்தே நீளும்.

செலவில்லாத வழி கோலிமேஷன். கதிர் படும் பரப்பைப் பாதியாக்கினால் சிதறலை உண்டாக்கும் திசுவும் பாதியாகிறது, டோஸும் அந்த அளவுக்கு மட்டுப்படுகிறது. டிடெக்டர் முழுவதையும் திறந்து எடுத்துவிட்டுத் திரையில் வெட்டுவது கோலிமேஷன் ஆகாது. வெட்டிய பகுதிக்கும் நோயாளி டோஸ் வாங்கிவிட்டார், அங்கே பிறந்த சிதறலும் மீதிப் படத்தில் படிந்துவிட்டது.

உறுப்பின் தடிமன் 10 முதல் 12 செ.மீ.-ஐத் தாண்டினால் கிரிட் வேண்டும். மெல்லிய ஈயப் பட்டைகள் நேராக வரும் கதிரை விட்டு, சாய்ந்து வருவதைத் தடுக்கும். 8:1 கிரிட்டுக்குச் சுமார் 4 மடங்கு எம்ஏஎஸ் வேண்டும், 12:1-க்குச் சுமார் 5 மடங்கு. குழந்தைகளுக்கும் மெல்லிய கை கால்களுக்கும் கிரிட்டைக் கழற்றிவிடுங்கள், எம்ஏஎஸ்-ஐயும் மறக்காமல் இறக்குங்கள். கிரிட்டைக் கழற்றிய பிறகு பழைய எம்ஏஎஸ்-லேயே எடுத்தால், அந்த 4 மடங்கும் வீண் டோஸாகிறது. திரையில் பார்ப்பவர் யாருக்கும் அது தெரியாது.

கிரிட் தவறினால் படத்தைப் பார்த்தே காரணம் சொல்லலாம். படத்தின் நடுவில் ஒரு பட்டை மட்டும் தெளிவாகவும் இரு பக்கமும் வெண்மையாகவும் இருந்தால் கிரிட் தலைகீழாகச் செருகப்பட்டிருக்கிறது. இரு ஓரங்கள் மட்டும் லேசாக வெளுத்தால் தூரம் கிரிட்டின் குவியத்தூரத்தோடு பொருந்தவில்லை. படம் முழுக்க இரைச்சல் கூடியிருந்தால் டியூப் பக்கவாட்டில் விலகியிருக்கிறது அல்லது கிரிட் சாய்ந்திருக்கிறது. மெத்தையில் டிடெக்டர் அமிழ்ந்து சாயும் மொபைல் மார்புப் படத்தில் இது அடிக்கடி நேரும். அதோடு தூரமும் பொருந்தாவிட்டால் ஒரு நுரையீரல் மட்டும் வெளுத்துத் தெரிந்து, நீர் கோத்திருக்கிறதோ என்று மருத்துவரைக் குழப்பும். அக்குளுக்கு வெளியே உள்ள மென்திசுவை இரு பக்கமும் ஒப்பிடுங்கள். அங்கேயும் வேறுபாடு இருந்தால் சந்தேகம் கிரிட் மீதோ நோயாளி திரும்பியிருப்பதன் மீதோதான் விழ வேண்டும். காலர் எலும்புகளின் உள்முனைகள் முதுகெலும்பின் முள்முனையிலிருந்து சமதூரத்தில் இருந்தால் நோயாளி திரும்பவில்லை, கிரிட்டைப் பாருங்கள்.

கடைசியில் எம்ஏஎஸ்

தூரம், கேவி, கிரிட் மூன்றும் நின்ற பிறகு, போதுமான ஃபோட்டான்கள் வருகின்றனவா என்பது மட்டுமே மிச்சம். ஒரு பிக்சலில் சராசரியாக 100 ஃபோட்டான்கள் விழுந்தால் எண்ணிக்கை 10 அளவில் ஏறியிறங்கும், அதாவது 10 சதவீதம். 400 விழுந்தால் 5 சதவீதம். இரைச்சலைப் பாதியாக்க டோஸை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதே இதன் பொருள். ஆகவே "கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிடுவோம்" என்ற பழக்கத்தால் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு, கொடுக்கும் விலை அதிகம்.

தடிமனைக் கண்ணால் ஊகிக்காமல் காலிப்பரால் அளந்துகொள்ளுங்கள். மென்திசு ஒவ்வொரு 4 செ.மீ. கூடும்போதும் எம்ஏஎஸ் சுமார் இரு மடங்காக வேண்டும். 20 செ.மீ. வயிற்றுக்கு 78 கேவி, 25 எம்ஏஎஸ் என்று உங்கள் அறையின் அட்டவணை சொல்கிறது. வந்திருப்பவருக்கு 28 செ.மீ. இரண்டு முறை இரட்டித்தால் 100 எம்ஏஎஸ். 200 எம்ஏ-வில் அதற்கு அரை நொடி ஆகும். அவரால் மூச்சை அடக்க முடியும் என்றாலும் குடல் அடங்காது. இங்கே 15 சதவீத விதி உதவும். டிடெக்டரை அடையும் கதிர் கேவியின் ஏறத்தாழ ஐந்தாம் அடுக்குக்கு ஏற்பக் கூடுவதால், கேவியை 15 சதவீதம் உயர்த்தினால் பாதி எம்ஏஎஸ் போதும். 90 கேவி, 50 எம்ஏஎஸ் வைத்து எம்ஏ-வை 400 ஆக்கினால் நேரம் எட்டில் ஒரு நொடி. கான்ட்ராஸ்ட் சற்றுத் தணியும், தோலின் டோஸ் குறையும், அசைவு நிற்கும். இந்த நோயாளிக்கு இதுவே நல்ல பேரம். கல்லைத் தேடும் படம் என்றால் கேவியை விட்டுவிட்டு, எம்ஏ-வை உயர்த்தி நேரத்தை மட்டும் குறையுங்கள்.

மார்பில் இதயத் துடிப்பின் மங்கலைத் தவிர்க்க 20 மில்லி நொடிக்குள் முடிப்பது நல்லது. 200 எம்ஏ, 16 மில்லி நொடி என்றால் 3.2 எம்ஏஎஸ்.

போதுமான கதிர் வந்ததும் தானே நிறுத்தும் தானியங்கி எக்ஸ்போஷரை நம்பலாம், கதிரை அளக்கும் அதன் அறைகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்திருந்தால். மார்பின் முன்பின் படத்துக்கு இரு பக்க அறைகள், முதுகெலும்புக்கு நடு அறை. பக்கவாட்டு முதுகெலும்பில் மையம் பின்னோக்கி நகர்ந்து, உடலுக்கு வெளியே உள்ள காற்றின் வழியாகக் கதிர் நேராக நடு அறையைத் தொட்டால், கருவி சீக்கிரமே நிறுத்திவிடும். படம் இரைச்சலில் மூழ்கும். செயற்கை இடுப்பு மூட்டு அறையின் மேல் விழுந்தால் நேர்மாறு: உலோகத்தைத் தாண்டிக் கதிர் வரும்வரை கருவி காத்துக்கொண்டே இருக்கும். உலோகம் இருந்தால் தானியங்கியை அணைத்துவிட்டுக் கையால் அமையுங்கள். தானியங்கி நிறுத்தத் தவறினால் கதிரை நிறுத்தும் பேக்கப் வரம்பை எதிர்பார்க்கும் எம்ஏஎஸ் அளவின் ஒன்றரை முதல் இரண்டு மடங்குக்கு மேல் விடாதீர்கள்.

படம் வந்ததும் எதைப் பார்ப்பது

பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல் முதலில் எண்ணைப் பாருங்கள். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐஇசி) 62494-1 தரப்படி ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விலகல் எண் வரும். 0 என்றால் இலக்கு. +3 என்றால் டிடெக்டர் வாங்கியது இரண்டு மடங்கு, +6 என்றால் நான்கு மடங்கு, −3 என்றால் பாதி. இந்த எண் டிடெக்டர் வாங்கியதைச் சொல்கிறதே தவிர நோயாளியின் டோஸைச் சொல்வதில்லை. கோலிமேஷன் ஓரத்தை மென்பொருள் தவறாக எடுத்தாலோ, பெரிய உலோகம் படத்தில் இருந்தாலோ எண்ணும் பிசகும்.

பிறகு படத்தைப் பெரிதாக்கி, கதிர் குறைவாக எட்டும் இடத்துக்குப் போங்கள். மார்பில் இதயத்துக்குப் பின்புறம், வயிற்றில் இடுப்பெலும்புக்கு நடுவில், பக்கவாட்டு முதுகெலும்பில் கடைசி இடுப்பு முள்ளெலும்பு திருவெலும்போடு சேரும் இடம். அங்கே எலும்பின் நுண்கோடுகள் மணல் தூவியது போலப் பொரிந்து தெரிந்தால் ஃபோட்டான்கள் போதவில்லை. சாம்பலாக, வழுவழுப்பாக, ஆனால் வேறுபாடே இல்லாமல் இருந்தால் சிதறல். கோடுகள் ஒரே திசையில் மட்டும் இரட்டித்தால் அசைவு. தோலின் ஓரமும் நுரையீரலின் விளிம்பும் முழுக் கறுப்பில் அறுந்துபோய், திரையின் கறுப்பு வெள்ளை அளவை மாற்றும் விண்டோவை எவ்வளவு நகர்த்தினாலும் திரும்பாவிட்டால் டிடெக்டர் நிரம்பிவிட்டது. அந்தத் தகவல் இனி இல்லை.

−3 வந்துவிட்டது என்பதற்காக மட்டும் திரும்ப எடுக்காதீர்கள். கேட்ட கேள்விக்கு அந்தப் படம் பதில் சொல்கிறதா என்பதுதான் அளவுகோல். +6 வந்தாலும், டிடெக்டர் நிரம்பாதவரை, திரும்ப எடுப்பதற்குக் காரணமே இல்லை, ஆனால் அட்டவணையைத் திருத்தியாக வேண்டும். ஒரு மார்புப் படத்தின் டோஸ் சுமார் 0.02 மில்லிசீவர்ட், இயற்கையிலிருந்து உலகச் சராசரியாக ஆண்டுக்கு வரும் 2.4 மில்லிசீவர்ட்டோடு ஒப்பிட்டால் மூன்று நாள் அளவு. இடுப்பு முதுகெலும்புப் பரிசோதனை சுமார் 1.5, அதாவது ஏழு மாதத்துக்கும் மேல். திரும்ப எடுக்கும் முடிவு இரண்டுக்கும் ஒரே எடை உடையதல்ல.

உங்களைப் பொறுத்தவரை கதிர் வரும் இடம் டியூப் மட்டுமல்ல, நோயாளியும்தான். சிதறல் அவரிடமிருந்தே வருகிறது. 1 மீட்டர் தொலைவில் அது அவர் மேல் படும் கதிரில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. மொபைலில் குறைந்தது 2 மீட்டர் தள்ளி, ஈய ஏப்ரனோடு, கதிரின் பாதையிலிருந்து விலகி நில்லுங்கள். குழந்தையைப் பிடிக்க ஆள் வேண்டுமென்றால் டெக்னீஷியன் பிடிக்கக்கூடாது, கருவுற்றவரும் கூடாது. கூட வந்தவருக்கு ஏப்ரன் மாட்டி, கைகள் கதிர்ப்பரப்புக்கு வெளியே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒளிப்பரப்பும் கதிர்ப்பரப்பும் ஒன்றாக விழுகின்றனவா என்பதை அவ்வப்போது சோதிக்க வேண்டும். காலி டிடெக்டரின் மேல் ஒளியின் நான்கு ஓரங்களிலும் ஒரு நாணயத்தை உள்ளேயும் ஒன்றை வெளியேயும் ஒட்டினாற்போல வைத்து, 50 கேவி, 1 எம்ஏஎஸ்-இல் ஒரு படம் எடுங்கள். விலகல் தூரத்தின் 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, 100 செ.மீ.-க்கு 2 செ.மீ. அதற்கு மேல் போனால் கோலிமேட்டரின் கண்ணாடியோ விளக்கோ நகர்ந்திருக்கிறது. பொறியாளர் சரிசெய்யும்வரை விலகலின் அளவையும் திசையையும் எழுதிக் கன்சோலில் ஒட்டிவையுங்கள்.